மாற்றி மாட்டிய வயர்

இரவு பதினொன்றரை இருக்கும். அருள்புரத்தைத் தாண்டி, சாயப்பட்டறைச் சுவரை ஒட்டிப் போகிற ஒற்றைத் தார் ரோடு… தெரியும்தானே? பகலில் போனாலே மூக்கைப் பொத்த வேண்டும். இரவில் ஒரு நாய்கூட அங்கே படுக்காது.

அந்த ரோட்டில்தான் பரணி மொபெட்டில் வந்துகொண்டிருந்தான். நம் தெருப் பையன், பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. வண்டியின் பின்னால் ஒரு மூட்டை பனியன் வேஸ்ட், வெட்டி மிஞ்சிய துணித் துண்டுகள். மிஷின் துடைக்க அல்ல… சத்தம் சிதறாமல் இருக்க ஸ்பீக்கர் பெட்டிக்குள் திணிக்க. சிரிக்காதீர்கள். பாட்டு செட் கட்டுகிற பைத்தியம் பிடித்தவர்களுக்கு நம் ஊரில் அதுதான் பஞ்சு.

பரணியும் அவன் கூட்டாளி முனீஸும் சேர்ந்து சொந்தமாக ஒரு ஆம்ப்ளிஃபையர் கட்டியிருந்தார்கள். போர்டு வேலை பரணி. இரண்டு பெட்டிக்குள்ளும் பேஸ் ஸ்பீக்கரை மாட்டி வயர் பற்றவைத்தது முனீஸ். தெற்கத்திப் பையன், சாயப்பட்டறையில் வேலை. வந்த நாளிலிருந்து பரணியோடு ஒரே அறை, ஒரே தட்டு. அவன் மாட்டியதைப் பரணி ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை. பார்த்தால் சிநேகிதத்துக்கே கேவலம் என்று நினைக்கிற ரகம்.

விடிந்தால் தைப்பூசம். தெருக் காவடிக்கு இந்த வருடம் என் செட்தான் என்று கோயில்காரர்களிடம் மல்லுக்கட்டி வாங்கியிருந்தான். ஆனால் பேஸ் வரவில்லை. சத்தம் இருக்கிறது, அடி இல்லை. பம்பை அடித்தால் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி கேட்கிறது. கெப்பாசிட்டரை மாற்றினான். டிரான்ஸ்பார்மரைப் பெரிதாக்கினான். ம்ஹூம்.

"கண்ணு, விடியறதுக்குள்ள சரி பண்ணிப்போடு. இல்லீன்னா கந்தப்பனுக்குப் போனப் போட்டர்றேன்" என்று சொல்லிவிட்டார் கோயில் தலைவர் சாமியப்பன். கந்தப்பன் அந்த வட்டாரத்தில் வெகுநாளாக செட் வாடகைக்கு விடுகிறவர். அவர் வந்து இறங்கினால் பரணி தெருவில் தலைகாட்ட முடியாது.

முனீஸா? ஊருக்குப் போனவன்தான், ஆளே இல்லை. போனும் எடுக்கவில்லை. போவதற்கு முன்னால் கந்தப்பன் கடையில் அவனைப் பார்த்ததாக ஒருத்தர் சொன்னார். பரணி நம்பவில்லை. ஆனால் மறுபடி மறுபடி முனீஸுக்குப் போன் போட்டுப் பார்த்தான்.

சுவர் முடிகிற இடத்தில்… ஒரு ஆள். கை காட்டவில்லை. சும்மா நின்றான். வண்டி வெளிச்சம் முகத்தில் விழுந்தது.

முனீஸ்.

பரணி நிறுத்தினான். மூட்டைக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தான் அவன். வண்டி கொஞ்சமும் அழுந்தவில்லை. ஏன், எங்கே என்று பரணி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவ்வளவு கோபம். வழி நெடுகக் கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்தது. ஈரத்துணி நாற்றம்… மூடிப்போட்டு மறந்துபோன ஈரத்துணி.

வீட்டுக்கு வந்து தாழ் போட்டான். ஸ்பீக்கர் பெட்டிகளின் பின்பலகைகளைக் கழற்றி, வேஸ்ட்டைத் திணித்து, மூடினான். முனீஸ் மூலையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

"திணிச்சா வராதுலே" என்றான். தொண்டை கரகரவென்றிருந்தது. "பேட்டரி வச்சுப் பாரு."

செட் கட்டுகிறவர்களுக்குத் தெரிந்த சோதனைதான். சுவர்க் கடிகாரத்துப் பேட்டரியைக் கழற்றி ஸ்பீக்கர் வயரில் தொட்டால், கோன், அதாவது ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு, வெளியே துள்ள வேண்டும். முதல் பெட்டியில் தொட்டான். டப்… வெளியே வந்தது. இரண்டாவது பெட்டி. டப்… உள்ளே போனது.

ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால் பேஸ் எங்கிருந்து வரும்? இது பெட்டிக்குள்ளேயே வயரை மாற்றி மாட்டிய வேலை.

"தெரியாம மாட்டிப்போட்டியாடா?"

"தெரிஞ்சுதாம்ல…" தலை நிமிரவில்லை. "கந்தப்பண்ணன்தான் மாத்தி மாட்டச் சொன்னாரு. கடையில கூட வச்சுக்கிடுதேன்னாரு."

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அது இதுதான். ஊரார் செய்திருந்தால் பரணி சண்டைக்குப் போயிருப்பான். இவன் செய்ததற்கு எங்கே போவது?

"உன்ற கையில குடுத்துப்போட்டு ஒரு நாளு திருப்பிப் பார்த்திருப்பனாடா நானு? இழுக்கற மாதிரி மாட்டுனவன் நீதான? போ… நீயே உள்ள உக்காந்து வெளிய தள்ளு! தள்ளிட்டே கெட!"

கத்திக்கொண்டே வயர்களை ஆம்ப்ளிஃபையரில் செருகினான். நிமிர்ந்தான்.

மூலையில் ஆள் இல்லை. கதவில் தாழ் போட்டது போட்டபடி இருந்தது.

சுவிட்சைப் போட்டான். ஐயோ, ஆத்திரத்தில் வயரை மாற்றிச் செருகாமல் பழையபடியே செருகிவிட்டோமே என்று நினைப்பதற்குள்…

தும்.

தரை அதிர்ந்தது. அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசின. அப்படி ஒரு பேஸை அவன் ஜென்மத்தில் கேட்டதில்லை.

மறுநாள் காவடி ஆடியவர்களுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கந்தப்பனே வந்து கைகட்டி நின்று கேட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் பெட்டிகளை வீட்டில் இறக்கும்போது புது நம்பரிலிருந்து போன் வந்தது. முனீஸின் அம்மா வெள்ளையம்மாள்.

"ஏய்யா பரணி… அவன் செல்போன இன்னைக்குத்தாய்யா தெறந்து உன் நம்பர எடுக்க முடிஞ்சது. மஞ்சக்காமாலைய்யா. போன வெள்ளிக்கெழமையே போயிட்டான். பரணிட்ட ஒண்ணு சொல்லணும், பரணிட்ட ஒண்ணு சொல்லணும்னு அனத்திட்டே கெடந்தான்… என்னதுய்யா அது?"

பரணி போனை வைத்துவிட்டு இரண்டாவது பெட்டியின் பின்பலகையைக் கழற்றினான்.

வயர் இன்னும் மாறித்தான் கிடந்தது. சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு, கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு. ஈயம் வைத்தது வைத்தபடி. ஆனால் நெருக்கித் திணித்த வேஸ்ட்டின் நடுவில் ஒரு பள்ளம்… முழங்காலை மடக்கி ஒருத்தன் குறுகி உட்கார்ந்த பள்ளம். கோனின் பின்புறக் காகிதத்தில் இரண்டு உள்ளங்கைத் தடம். ஈரம் காயவில்லை.

பெட்டி எதனோடும் இணைக்கப்படவில்லை. இருந்தும் கோன் மெதுவாக வெளியே போனது… வந்தது… மறுபடி வெளியே போனது.

போதும், வெளிய வாடா. அவ்வளவு சொன்னால் போதும் என்று பரணிக்குத் தெரிந்தது. நாக்கு நுனிவரை வந்தது. பாவமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. கூடவே அந்த ஈயமும் கண்ணில் பட்டது. ஒரு பிசிறு இல்லாமல், கை நடுங்காமல், அவ்வளவு நேர்த்தியாகப் பற்றவைத்திருந்தான் பாவி.

பரணி கண்ணைத் துடைத்துக்கொண்டான். பலகையை எடுத்து வைத்து மூடினான். அதுவரைக்கும் நாலு ஸ்க்ரூ இருந்த பலகை அது. எட்டுப் போட்டான்.