கட்டைவிரல் அளவுத் துளை

எதிரில் ஒரு ஜீவன் பசியோடு நின்றால் எனக்குச் சாப்பாடு இறங்காது, டாக்டர். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

மழைக்குப் பின் முளைக்கும் இளம்புல்லில் சர்க்கரை அதிகம், வெயில் ஏற ஏற இன்னும் கூடும், அது எங்கள் குதிரை குண்டம்மாவின் குளம்புக்குள் வீக்கமாக இறங்கும் என்று நீங்கள்தான் என் தங்கையிடம் சொன்னீர்கள். அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து வாயில் கூடை கட்டித்தான் குதிரையை மேய விட்டாள். கூடையின் அடியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு துளை. அதன் வழியே ஒவ்வொரு புல்லாக இழுத்துத் தின்ன வேண்டும். கல்யாண வீட்டில் யாரும் கவனிக்காத சம்பந்தி மாதிரி குண்டம்மா என்னையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

"அது நடிக்குதுண்ணா. உங்களைப் பாத்தா மட்டும்தான் நடிக்குது," என்பாள் தங்கை.

நடிப்புக்கும் ஒரு கூலி உண்டல்லவா? தினமும் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் துளையைச் சுற்றி ஓர் இழையை மட்டும் வெட்டினேன். இரண்டு வெட்டினால் அது பேராசை. பத்தாம் நாள் என் கை முழுதும் உள்ளே போனது.

அடுத்த வாரம் குண்டம்மா முன்கால்களை ஊன்ற முடியாமல் பின்னால் சாய்ந்து நின்றது. குளம்பு கொதித்தது. இனி தேறாது என்று நீங்கள் கடைசி ஊசி போட்டபோது தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தான். வேற்று மனிதர் மடியில் அது போகக் கூடாது பாருங்கள்.

"கூடையைக் கழட்டினீங்களா, அண்ணா?" என்று தங்கை கேட்டாள். நான் பொய் சொல்வதில்லை. கழற்றவில்லை என்றேன். பிறகு குதிரையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரைக் கேட்டாள். அவருக்குக் கண் மங்கல், ஆனால் எதையும் யோசித்துச் சொல்லும் மனிதர். குளிப்பாட்டும்போது கழற்றியதுண்டு என்றார். இருபது வருட வேலை அந்த ஒரு வார்த்தையில் போயிற்று. இனி எந்த லாயத்திலும் அவரைச் சேர்க்க மாட்டார்கள்.

கூடை எங்கே என்று கேட்டது நீங்கள் ஒருவர்தான். குண்டம்மாவோடு மரியாதையாகப் புதைத்துவிட்டேன்.

பெரியவர் பெட்டியோடு கிளம்பியபோது தூறிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் என் குடையைக் கொடுத்தேன்.

"இந்த மனசு யாருக்குங்க வரும்," என்று கண் கலங்கினார்.

நல்ல குடை அது, டாக்டர். திருப்பிக்கூடக் கேட்கவில்லை நான்.