தங்கை வீட்டுக் கடல்

கடல்மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, மீன் வாங்காதீர்கள் என்பதுதான். தண்ணீரும் மணலும் கல்லும் மட்டும் போட்டு, வாரக்கணக்கில் சும்மா பார்த்துக்கொண்டு உட்காருங்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அந்தக் கல்லில் குடியேற வேண்டும். மீனின் கழிவு நஞ்சாகிவிடாமல் தின்று தீர்ப்பவை அவைதான். அவை வருமுன் மீனை விட்டால், மீன் தன் மூத்திரத்திலேயே சாகும். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். மறுநாளே போய் மீன் வாங்கிவிடுவார்கள்.

என் தங்கையின் கணவர் மறுநாள்வரைகூடப் பொறுக்கவில்லை.

அவரைத்தான் நீங்கள் நேற்றிலிருந்து இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் பக்கத்து அறையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். வரும்போது கதவிடுக்கில் பார்த்தேன், அழுதுகொண்டிருந்தார். அழுகையைத் தவிர அந்த மனிதர் எதையும் முழுசாகச் செய்து நான் பார்த்ததில்லை. அவர் திட்டம் போட்டு மனைவியைக் கொன்றார் என்று நீங்கள் சந்தேகப்படுவதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் நானாக வந்தேன். பாசத்தில் வந்ததாக எழுதிக்கொள்ள வேண்டாம். அவ்வளவு விஷயம் அவருக்குத் தெரியும் என்று படித்தவர்கள் நம்புவதை என்னால் சகிக்க முடியவில்லை.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் முழுக்க உயிருள்ள பவளங்கள் வளரும் தொட்டி, பல வருஷத்து உழைப்பு. தொட்டி வைத்திருப்பவர்களுக்கென்று செல்போனில் ஒரு குழு இருக்கிறது. அதில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று சொல்வதுதான் சரி.

மாப்பிள்ளை டயர் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவர், கை கழுவிய ஈரத்தோடு வந்து என் தொட்டிக் கண்ணாடியில் விரலை வைத்தார்.

“மச்சான், இது மாதிரி ஒண்ணு நம்ம வீட்லயும் வச்சுடலாமே. தண்ணியில உப்பைப் போட்டா கடல். அவ்ளோதானே?”

“எந்த உப்பு?” என்று கேட்டேன்.

“சமையலறையில இருக்கிற உப்புதான். உப்புல என்ன மச்சான் ஒசத்தி, தாழ்த்தி?”

தான் சொன்னதற்குத் தானே சிரித்துக்கொண்டார். என் தங்கை சிரிக்கவில்லை. அவள் மருந்தாளுநர், பெரிய மருந்துக்கடை ஒன்றில் வேலை. மீன்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தொட்டிக்கு அடியிலிருந்த அலமாரியைத் திறந்து, குழாய் எங்கிருந்து எங்கே போகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை தொட்டியை வெயில் அடிக்கும் ஜன்னலோரம் வைத்தார். விளிம்புவரை தண்ணீர் நிரப்பிவிட்டு அதன் பிறகு கல்லை இறக்கினார். வழிந்த தண்ணீர் கீழே ஒழுகி, கீழ்வீட்டுக்காரர் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே மாப்பிள்ளை ஒரு பை நிறைய மீன் வாங்கி வந்து கொட்டினார். எல்லாம் செத்தன. “பரவால்ல மச்சான், வேற வாங்கிக்கலாம்” என்றார். தண்ணீர் வற்றியபோதெல்லாம் உப்புத் தண்ணீரையே ஊற்றினார். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு எங்கேயும் போவதில்லை என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரியும். அவருக்கும் சொன்னேன். “அப்ப உப்பு சேர்ந்துகிட்டே போகுது, லாபம்தானே” என்றார். இந்த மனிதரைத்தான் நீங்கள் கொலைத் திட்டம் தீட்டியவர் என்கிறீர்கள்.

கொஞ்ச காலம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு ஒருநாள் போனபோது தொட்டி ஜன்னலோரத்திலிருந்து உள்சுவருக்கு மாறியிருந்தது. தண்ணீர் தேறியதற்கு அடையாளமாகக் கல்லெல்லாம் ஊதா நிறம் படிந்து, பவளங்கள் விரிந்து நின்றன. மாப்பிள்ளை சோபாவில் சாய்ந்து காலாட்டிக்கொண்டு, “எப்படி மச்சான் நம்ம கைராசி?” என்றார். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனேன். தொட்டித் தண்ணீரைச் சோதிக்கும் குப்பிகள் மருந்துக்கடையில் அடுக்கியதைப் போல வரிசையாக இருந்தன. தங்கையின் விரல்கள் உப்பில் வெடித்திருந்தன.

“அவர்கிட்ட எதுவும் கேட்டுடாதீங்க அண்ணா. எல்லாம் தானே செஞ்சதா நினைச்சுக்கிட்டிருக்கார். இருந்துட்டுப் போகட்டும்.”

நான் கேட்கவில்லை. இப்படி ஒரு ஆளுக்காக விரலைப் புண்ணாக்கிக்கொள்கிறாளே என்று பரிதாபமாகத்தான் இருந்தது. புத்தகத்தைப் பார்த்துச் செய்கிறாள், எத்தனை நாளைக்கு ஓடும் என்று நினைத்துக்கொண்டேன்.

கோமாளி மீன் குஞ்சுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். என் தொட்டியில் ஒரு கோமாளி மீன் ஜோடி வருஷக்கணக்காக முட்டையிடுகிறது. குஞ்சு பொரிக்கும், சில நாளில் எல்லாம் செத்துவிடும். அதுதான் இயல்பு, வீட்டில் அவற்றை வளர்க்க முடியாது என்று நான் குழுவில் விளக்கமாக எழுதியிருக்கிறேன். என் தங்கை அடுக்களை மேடையில் பாட்டில்களில் பாசித் தண்ணீர் வைத்து, அதில் கண்ணுக்குத் தெரியாத தீனிப்பூச்சிகளை வளர்த்து, தன் தொட்டியில் பொரித்த குஞ்சுகளை ஒரு கண்ணாடி ஜாடி நிறையக் காப்பாற்றிவிட்டாள். ஒவ்வொன்றும் அரிசிமணி அளவு, உடம்பில் ஒரு வெள்ளைக்கோடு. ஜாடியைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கே வந்தாள். வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

“எல்லாம் உங்ககிட்டக் கத்துக்கிட்டதுதான் அண்ணா” என்றாள்.

நான் அப்படி எதையும் சொல்லித் தந்ததில்லை. குருட்டு அதிர்ஷ்டம் என்று சொன்னேன். அவள் சிரித்தாள். குஞ்சுகளின் படத்தை அவள் குழுவில் போட்டாள். அதைப் பார்த்த பிறகு எல்லோரும் அவளைக் கேட்க ஆரம்பித்தார்கள். ‘டாக்டரம்மா’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அந்தக் குழுவின் தரம் அப்படி. நேற்று முளைத்தவர்கள் நேற்று முளைத்தவர்களிடம் யோசனை கேட்கிறார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அங்கே எழுதுவதை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான்.

பொத்தான் பவளத்தை வாங்கி வந்தது மாப்பிள்ளைதான். அதில் நீங்கள் விசாரித்தது சரி. பளிச்சென்ற பச்சையில், சட்டைப் பொத்தானைக் கொட்டி வைத்தாற்போல் இருக்கும். அழகு என்றால் அவருக்கு அதுதான். கொஞ்ச நாளில் அது கல் முழுக்கப் பரவி மற்ற பவளங்களை அமுக்கிவிட்டது. இதனால் கணவன் மனைவிக்குள் வாக்குவாதம் வந்தது. கீழ்வீட்டுக்காரர் உங்களிடம் சொன்ன சண்டை அதுதான். அதைச் சண்டை என்று சொல்வதே அதிகம்.

போன ஞாயிறு மத்தியானம் நான் கடையில் இருந்தபோது தங்கை போனில் கூப்பிட்டாள். மாப்பிள்ளை காரைக் கழுவப் போயிருந்தார்.

“அண்ணா, அந்தப் பொத்தான் பவளம் அடங்கவே மாட்டேங்குது. கல்லை வெளிய எடுத்துக் கொதிக்க வச்சுடலாமா? போயிடுமா?”

“போயிடும்” என்றேன். அது உண்மைதான்.

“விஷம் கிஷம் ஒண்ணும் இருக்காதே? எங்கயோ படிச்ச மாதிரி இருக்கு. எதுக்கும் உங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாம்னு.”

அந்தப் பவளத்தில் விஷம் உண்டு. சூடாக்கினால் ஆவியோடு கிளம்பி மூச்சில் இறங்கும். என்னைப் போலப் பழகியவர்களுக்கு இது பாலபாடம். அவள் குழுவில் சேர்வதற்கு முன்னால் நானே பலமுறை எச்சரித்து எழுதியிருக்கிறேன். கையில் ஒரு வாடிக்கையாளரின் கண்ணாடி இருந்தது, திருகாணி தளர்ந்திருந்தது. அதை முடுக்கி முடித்தேன். அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.

“பவளத்துல என்ன விஷம்?” என்றேன்.

ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டுமா என்று கேட்டாள். வேண்டியதில்லை என்றேன். கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னதும் நான்தான், வெந்நீர் கையில் பட்டுவிடக் கூடாதே என்று. அதையும் நீங்கள் பதிவு செய்ய வேண்டும்.

“சரிண்ணா. நீங்க சொன்னாச் சரிதான்” என்று வைத்துவிட்டாள்.

மாப்பிள்ளை வந்தபோது அவள் சமையலறைத் தரையில் கிடந்தாள். அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து, இருமிக்கொண்டே அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். பிறகு வீட்டுக்கு வந்து, அவள் கல்லைக் கொதிக்க வைத்த பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தார். தடயத்தை அழித்ததாக அதைத்தான் பெரிதாகச் சொல்கிறீர்கள். அந்த மனிதர் பிறந்ததிலிருந்து கழுவிய ஒரே பாத்திரம் அது. ஏன் கழுவினார் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் சொன்னார்: “அவ வந்து இந்தக் கோலத்துல பார்த்தா திட்டுவா மச்சான்.” வரமாட்டாள் என்று எனக்கு அப்போதே தெரியும். அவருக்குத் தெரியவில்லை.

அவளுக்குக் கொஞ்சம் நினைவு இருந்தபோது என்னை உள்ளே விட்டார்கள். முகத்தில் பொருத்தியிருந்த ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டு, “நான்தான் நீங்க சொன்னதைச் சரியாக் கேட்டுக்கலை போலண்ணா” என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். நோயாளியோடு விவாதம் செய்யக் கூடாது.

ஏன் செய்தேன் என்று கேட்கிறீர்கள். மாப்பிள்ளைக்கு ஒரு பாடம் கற்பிக்க வேண்டியிருந்தது. ஒன்றும் தெரியாத ஆள் வீட்டில் கடல் வைத்துக்கொண்டு கைராசி பேசுவது என்ன நியாயம்? கல்லைக் கொதிக்க வைக்கப் போவது அவரில்லை என்று தெரியாதா என்றால், தெரியும். அவர் அடுப்பு பற்ற வைத்தே நான் பார்த்ததில்லை. சொன்னது என் தங்கையிடம், அவள் கேட்டதற்கு, என்ன ஆகும் என்று தெரிந்தே சொன்னேன். கொன்றது நான். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், உங்கள் நாற்காலிக்காவது ஓய்வு கிடைக்கும். பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒருவரைப் பார்த்துப் பொறாமைப்பட அவரிடம் ஏதாவது இருக்க வேண்டும். அவளிடம் இருந்தது அதிர்ஷ்டம் மட்டும்தான்.

என்னை உள்ளே அனுப்புமுன் ஒரே ஒரு வேண்டுகோள். அவளுடைய தொட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. பார்க்கவே முடியவில்லை என்று மாப்பிள்ளைதான் எடுத்துப் போகச் சொன்னார். அன்றிலிருந்து நான்தான் கவனிக்கிறேன், வேளை தவறாமல். குஞ்சுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பவளங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்கின்றன. தண்ணீரைச் சோதித்துப் பார்த்தேன், எல்லா அளவும் சரியாகத்தான் இருக்கிறது. அவள் ஏதோ தப்பாகச் செய்து வைத்திருக்கிறாள். அது என்னவென்று கண்டுபிடித்துத் திருத்த எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.