எழும்பாத ஊசி

லஸ்ஸில் டிராம் கிளம்பியதிலிருந்து, எனக்கு முன் பலகையில் இருந்த பெண் மடியிலிருந்த கைக்குழந்தையின் தொடையை நாலு தடவை பார்த்துவிட்டாள். பிறகு பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

“மூணு வியாதிக்கு ஊசி போட்டா மூணு வடு இருக்கணுமில்ல அண்ணி? ஒண்ணுகூட இல்லியே.”

“இது அம்மை குத்தறது இல்லடி. தொண்டை அடைப்பான், கக்குவான், தனுர்வாயு மூணுக்கும் சேர்த்து ஒரே ஊசி. சீமை மருந்து. கொப்புளம் எழும்பாதுன்னு ஊசி போட்ட டாக்டரம்மா சொன்னாங்கல்ல?”

“அம்மை குத்துனா எட்டாம் நாள் வந்து பார்த்து, எழும்பலேன்னா மறுபடி குத்தறாங்க. இதை யாரு வந்து பார்க்கறது?”

“யாரும் பார்க்க வேணாம். அடுத்த மாசம் ஒண்ணு, அதுக்கு அடுத்த மாசம் ஒண்ணு. அவ்ளோதான்.”

“பார்த்தியா! மொதல்ல போட்டது பிடிக்கலேன்னுதானே மறுபடி போடறாங்க?”

“பிடிச்சாலும் மூணு தடவை போடணும்டி. வடு வடுன்னு இன்னாத்துக்கு உயிரை வாங்கறே?”

டிராம் ராயப்பேட்டையைத் தாண்டியது. குழந்தை லேசாக இருமியது. தாய் சட்டென்று அதன் வாயைத் திறந்து தொண்டைக்குள் பார்த்தாள்.

“பொரை ஏறிச்சு, அவ்ளோதான்,” என்றாள் அண்ணி.

“பெரியவனுக்கு அம்மை குத்துனது எவ்ளோ அழகா எழும்பிச்சு அண்ணி. கையில ரெண்டு வடு, காலணா மாதிரி. குழியில எறக்கறப்போ அதைத்தான் பார்த்துக்கினு இருந்தேன். அவனைத் தொண்டை அடைப்பான்தானே கொண்டுபோச்சு?”

அண்ணி குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, அதன் தொடையைத் தானும் ஒருமுறை பார்த்தாள்.