பனியனில் இருந்த சொல்

காலை ஐந்து ஐம்பது. போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்குப் புறப்படவிருந்த ஜீப்பில் முதலில் என் கண்ணில் பட்டது, ஏறி உட்காரப் போன ஒருவரின் பச்சைப் பனியன். அதன் முதுகில் பெரிய ஆங்கில எழுத்துகளில் ‘ஹசில்’ என்று இருந்தது. போட்டிருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். பக்கத்தில் அவர் மனைவி, எதிரே தோட்டத்துக் கங்காணி.

“முதுகுல என்ன மாப்ளே எழுதியிருக்கு?” என்று கங்காணி கேட்டார்.

“ஹசில் மச்சான். விடாம, வெரசா சோலி பாக்குறது. திருப்பூர் கம்பெனில குடுத்தாங்க.”

“அதான் நேத்து பாத்தாரே,” என்றார் மனைவி. “எல்லாருக்கும் முன்ன இவரு கூடைதான் நெறஞ்சுச்சு. கொட்டிப் பாத்தா பாதி பிஞ்சு.”

ஜீப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கங்காணி சிரிக்கவில்லை.

“பிஞ்சைப் பறிச்சுட்டா அடுத்த எடுப்புக்குக் காய் ஏது? இன்னைக்கும் அப்படின்னா நாளைக்கு வர வேணாம் மாப்ளே.”

“ரெண்டு பேரும் ஒரே எடத்துல சோலி பாக்கலாம்னுதான் திருப்பூரையே விட்டுட்டு வந்தேன் மச்சான்.”

“எம்பக்கத்துலயே உக்காந்து எடுங்க,” என்றார் மனைவி. “நான் எந்தக் காயை விடுறேனோ அதை நீங்களும் விடுங்க. அதுக்கு இங்கிலீசுல என்ன பேரு?”

அவர் யோசித்தார். “கம்பெனில அதைச் சொல்லித் தரலையே.”

“பொண்டாட்டி பேச்சைக் கேக்குறதுக்குப் பேரு வேற வேணுமாக்கும்!” என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னார். இந்த முறை கங்காணியும் சிரித்தார்.

மறுநாளும் அதே ஜீப்பில் போனேன். கணவனும் மனைவியும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள்.