மாதிரி எண் 513

என் பெயர் அனந்தபத்மநாபன், தகப்பனார் பெயர் சந்திரசேகரன், வயது 68, பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் வசிக்கிறேன். கணிப்பொறிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் சொல்ல வந்தவை:

1. ஆய்வகப் பதிவுகளில் எண்கள் மாறியது இயந்திரத்தால்.
2. ஆய்வகத்தில் பதிவுகளைத் தட்டச்சு செய்யும் ஜெனிஃபர் அந்த எண்களில் கை வைக்கவில்லை.
3. இதை நிரூபிக்க இப்போது என்னிடம் எதுவும் இல்லை.

1996-ம் ஆண்டு மேற்படி இரத்தப் பரிசோதனை ஆய்வகத்தில் பழைய யுனிக்ஸ் இயந்திரத்தை நீக்கி, விண்டோஸ் இயந்திரம் வைத்தார்கள். பழைய இயந்திரத்தை நிறுவியவன் என்பதால் மேலாளர் ஓஸ்வால்ட் என்னை அழைத்தார். அதன் பிறகு பதிவுகள் காந்த நாடா வழியாகப் புதியதற்கு மாற்றப்பட்டன. மாதிரி எண்ணை இயந்திரம் இரு பாதிகளாக வைத்துக்கொள்ளும். பழைய இயந்திரம் பெரிய பாதியை முதலில் எழுதும். புதியது சிறிய பாதியை முதலில் எதிர்பார்க்கும். எனவே 258 (ஒரு 256, மீதி 2) என்பது 513 (இரண்டு 256, மீதி 1) என்று படிக்கப்படும். பெயர்கள் எழுத்தெழுத்தாகச் செல்வதால் மாறாது.

அதன் பிறகு சோதனை நடந்தது. அந்த ஆய்வகத்தில் சோதனைப் பதிவுக்குப் பூஜ்யம் என்ற எண்ணையே கொடுப்பார்கள், நோயாளி எவருக்கும் அந்த எண் வராது என்பதால். பூஜ்யத்தைத் திருப்பினாலும் பூஜ்யமே. வேறு எண்ணையும் பார்க்கலாம் என்றேன். "டெஸ்ட்தான் பாஸ் ஆச்சே அங்கிள், சும்மா பயப்படாதீங்க" என்றார் ஓஸ்வால்ட். நான் வற்புறுத்தவில்லை.

அதன் பிறகு 513-ம் எண்ணுக்குரிய தனலக்ஷ்மி என்பவர் பெயரில் 258-ம் எண்ணுக்குரிய இன்னொருவரின் சர்க்கரை அளவு அச்சாகி, அதன்படி இன்சுலின் ஊசி போட்டதில் அவர் இறந்தார். அவருடைய கணவர் அறிக்கையை மடிக்காமல் இரு கைகளிலும் பிடித்தபடி ஆய்வக வாசலில் நின்றார். பதிவாளர் ஜெனிஃபர் தவறாகத் தட்டச்சு செய்ததாக ஓஸ்வால்ட் புகார் கொடுத்தார்.

அதன் பிறகு, ஈஜிபுராவில் குடியிருக்கும் மேற்படி ஜெனிஃபர் என்னிடம் வந்து, "நான் அடிச்சது கரெக்ட்டாதான் அங்கிள் இருந்துச்சு, ஒரு வாட்டி நீங்களே பாருங்க" என்றார். பார்த்தேன். அதற்குள் எண்கள் அனைத்தும் மீண்டும் ஒருமுறை திருப்பப்பட்டிருந்தன. பழையவை சரியாகி, அவர் புதிதாகச் சரியாக அடித்தவை கெட்டிருந்தன. நாடாவில் வேறு பதிவு ஏற்றப்பட்டுவிட்டது. பழைய இயந்திரம் காயலான் கடைக்குப் போய்விட்டது.

இதைக் காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளரிடம் விளக்கினேன். "மெஷின் திருப்பிப் படிக்குமா சார்? அது என்ன உருதுவா?" என்றார். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

இதுவரை எழுதியதை ஏட்டு தாஸ் எனக்குப் படித்துக் காட்டினார். பிறகு, "ரெண்டாம் தடவை திருப்புனது யாரு சார்?" என்று கேட்டார். எண்களைத் திருப்பும் கட்டளையை அடித்தது தான்தான் என்றும், ஓஸ்வால்ட் சொல்லித்தான் அடித்ததாகவும் ஜெனிஃபர் என்னிடம் கூறியிருந்தார். ஓஸ்வால்ட் அதை மறுக்கிறார். அப்போது நான் அங்கு இல்லை. "அப்ப கை வச்சது அந்தப் பொண்ணுதானே சார்" என்றார் ஏட்டு.

ஆம். நான் சொன்ன இரண்டாவது குறிப்பு தவறு. அதை நீக்கி, மற்றவை நான் அறிந்தவரை உண்மை என்று ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ச. அனந்தபத்மநாபன்