வெளிச் சத்தம் உள்ளே வராது

பொருள் நல்ல பொருள்தான், அஸீஸ் சார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதுளை பஸாரில் கடை போட்டு ரேடியோவும் கேஸட் பெட்டியும் பழுது பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து, இதற்கு இணையாக ஒன்று என் மேசைக்கு வந்ததில்லை. நீங்கள் அதைத் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஈரம் பட்டால் திரை போய்விடும்.

இதைக் கொண்டுவந்தவர் இரகுநாதன் ஐயா. மடுல்சீமைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேற்கணக்கு என்கிற மேல் பிரிவு முழுவதிலும் வேலை வாங்குகிற பெரிய கணக்கப்பிள்ளை. சொந்த ஊர் யாழ்ப்பாணம். கனடாவில் இருக்கும் மகன் மதுரன் அனுப்பிய, பாட்டுக் கேட்கிற பிளேயர். பெட்டிக்குள் இரண்டு இயர்போன் இருந்தன. ஒன்று கூடவே வருகிற சாதாரணமானது. மற்றது மகன் தனியாக வாங்கிப் போட்டது, நுரைக் குமிழ் வைத்து காதுத் துவாரத்துக்குள்ளேயே இறங்குகிற வகை.

“தம்பி, இதை வடிவாப் பார்த்துச் சொல்லும். மகனை ஆரோ ஏமாத்திப்போட்டாங்களோ எண்டு எனக்கு யோசனை. பிடிக்காட்டில் திருப்பி அனுப்பலாமாம், மாசக் கடைசி மட்டுக்கும் தவணை இருக்கு” என்றார்.

“வச்சிட்டுப் போங்கய்யா. கேட்டுப் பாத்துச் சொல்றேன்.”

“உம்மை எங்கேயோ கண்டிருக்கிறன். எங்கட தோட்டமோ?”

“ஆமாங்க. மேக்கணக்கு, கடைசி லயத்து வீடு.”

“ஓ. ஆற்றை மகன்?”

அப்பாவின் பெயரைச் சொன்னேன். தலையை ஆட்டினார். அவ்வளவுதான். வேறொன்றும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. எனக்கு அது வருத்தமாக இருக்கவில்லை. வேலை சுலபம் என்றுதான் நினைத்தேன்.

அவருடைய ஊர்க் கோவில் திருவிழாவில் பதிந்த நாதஸ்வரக் கேஸட்டுகள் ஒரு பை நிறையக் கொடுத்திருந்தார். அவற்றைக் கணினியில் ஏற்றி, இரைச்சலை எடுத்து, பிளேயரில் போட்டேன். சரிபார்ப்பதை ஒழுங்காகச் செய்தேன். வெளிக்கூடு ஒரே உலோகத்தில் செய்தது, இடுப்பில் தொங்கினாலும் கீறல் விழாது. ஒரு தரம் சார்ஜ் ஏற்றினால் பதுளையில் ரயிலேறி கொழும்பில் இறங்கும் வரைக்கும் ஓடும். சத்தத்தைக் கூட்டினால் உடையாது. கேஸட்டில் எல்லாம் ஒன்றாகக் குழம்பிக் கிடந்த மேளத்தில், தவில்காரனின் விரல் கூடு தோலில் படுவது தனியாகக் கேட்டது. நாதஸ்வரக்காரன் மூச்சு வாங்குவது கேட்டது. குறையும் உண்டு. பொத்தான்கள் சின்னவை, தோட்டத்து விரலுக்குச் சரிவராது. தமிழில் பெயர் போட்டால் திரையில் கட்டம் கட்டமாக வரும். இவற்றையும் ஐயாவிடம் சொன்னேன். நான் பொய் சொல்லி அந்தப் பொருளை அவர் தலையில் கட்டவில்லை.

அடுத்தது இயர்போன். சாதாரணமானதைப் போட்டால் பாட்டோடு சேர்ந்து பஸாரும் கேட்கும். நுரை வைத்ததைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்து பார்த்தேன். கண்டக்டர்களின் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. லொத்தர் சீட்டு விற்கிறவனின் வண்டியில் ஒலிபெருக்கிக் குழாய் இருக்கிறது, சத்தம் இல்லை. நன்றாக இருந்தது. அந்த நிமிடம் யாரோ என் சட்டைக் கழுத்தைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். நான் நின்ற இடத்தில் ஒரு பஸ் பின்னோக்கி வந்து நின்றது.

இழுத்தது பலீல், என் பக்கத்துக் கடைக்காரர், குடை தைக்கிறவர். இயர்போனைப் பிடுங்கிய பிறகுதான் அவர் கத்துவது கேட்டது.

“காதுல என்ன, சீமெந்தா பூசி வச்சிருக்கீங்க? ஹோர்ன் அடிக்கிறான், நான் கத்துறேன், ஊரே கத்துது. மாப்பிள்ளை மாதிரி அசஞ்சு அசஞ்சு போறீங்க.”

“டெஸ்ட் பண்றேன் பலீல் நானா.”

“இதையா? இதப் போட்டா மையத்து ஊர்வலத்துல முன்னுக்குப் போகலாம், தோள்ல ஏறி.”

கடைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். நான் நினைத்தது பஸ்ஸைப் பற்றி அல்ல.

நான் நினைத்தது விஜயலெட்சுமியை. என் மனைவி. தொண்ணூற்றெட்டில் செத்தாள்.

உங்களுக்குத் தோட்டத்து வேலை தெரியாது என்பதால் சொல்கிறேன். மலையில் குளவி கலைந்தால், முதலில் காண்கிறவள் “குளவி” என்று கத்த வேண்டும். அடுத்த நிரையில் நிற்கிறவள் அதை வாங்கி அதற்கடுத்த நிரைக்குக் கத்த வேண்டும். கத்திய பிறகு எல்லாரும் கூடையை விட்டுவிட்டு, இடுப்பில் கட்டியிருக்கும் படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையோடு மூடி, செடிக்கு அடியில் குப்புறப் படுத்துவிட வேண்டும். அசையக் கூடாது. ஓடினால் குளவி விரட்டும். சத்தம் கேட்ட ஆம்பளைகள் பந்தம் கொளுத்திப் புகையோடு வர வேண்டும். கணக்கப்பிள்ளை லொறிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். இதை யாரும் எழுதி வைத்துப் படிக்கவில்லை. நடக்கப் பழகும்போதே பழகிவிடும்.

அந்த வருடம் ஆறாம் நம்பர் மலையில், பெரிய சவுக்கு மரத்தில், முறத்தளவு கூடு. பருந்து வந்து மோதிக் கலைத்துக்கொண்டே இருந்தது. பொம்பளைகள் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் இரகுநாதன் ஐயாவிடம் சொன்னார்கள், வேறு மலை கொடுங்க என்று. “கொழுந்து முத்திப் போகும், போங்கோ” என்றார். போனார்கள்.

கூடு கலைந்தபோது முதலில் கத்தியது விஜயலெட்சுமி. நான் எதிர் மலையில் மருந்தடித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்டது. அவள் குரல் என்பது கூடத் தெரிந்தது. ஐயா அதே மலையின் மேல் ரோட்டில், மோட்டார் சைக்கிளோடு நின்றார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். லொறி வரவில்லை. பள்ளத்தில் இறங்கி எதிர்ப்பக்கம் ஏறி நான் போய்ச் சேர்ந்தபோது அவள் முகம் அவள் முகமாக இல்லை.

ஆபிஸ் வாசலில் தோட்ட மானேஜர் துரை விசாரணை வைத்தார். நான் படியில் நின்று கேட்டேன். ஐயா சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “சத்தம் எனக்குக் கேக்கேல்லை. குளவி வந்தால் அசையாமல் குப்புறப் படுக்க வேணும் எண்டு அவளுக்குத் தெரியும். ஓடினது அவளின்ர பிழை.”

அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். ஏழாம் மாதத்தில் குப்புறப் படுப்பது எப்படி என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அதன் பிறகு தோட்டத்தில் இருக்கப் பிடிக்காமல் பதுளைக்கு வந்தேன், தொழில் பழகினேன், கடை போட்டேன். யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. அந்த ஒரு வார்த்தை மட்டும் உள்ளே இருந்தது. கேக்கேல்லை.

ஆகவே, பிளேயரை வாங்க ஐயா திரும்ப வந்தபோது நான் சொன்னது இதுதான்: “அருமையான பொருளுங்க. திருப்பி அனுப்பாதீங்க. ஆனா இந்தச் சாதா இயர்போன் மலைக்கு ஆகாது. காத்து இரைச்சல் கேக்கும். நுரை வச்சதப் போடுங்க. கொஞ்சம் நசுக்கி உள்ள தள்ளிட்டு, விரலால ஒரு நிமிசம் அமத்திப் பிடிக்கணும். அப்பத்தான் வெளிச் சத்தம் உள்ள வராது.” நானே அவர் காதில் போட்டும் காட்டினேன்.

நாதஸ்வரம் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் கண் கலங்கியிருந்தது. “இந்தக் கோயில் இப்ப இல்லைத் தம்பி, ஷெல் விழுந்து போச்சுது” என்றார். அவர் அழுவதைப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று இயர்போனையும் பார்த்தேன். பொருந்தியிருந்தது.

இவ்வளவுதான் என் பங்கு என்று இங்கேயே நான் நிறுத்திக்கொண்டால், நீங்கள் என்னை ஒன்றும் செய்ய முடியாது. ஒரு கடைக்காரன் நல்ல பொருளை நல்ல பொருள் என்று சொன்னான். ஆனால் நீங்கள் கல்லைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

தைப்பொங்கலுக்கு இராக்கம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். விஜயலெட்சுமியின் கூடப்பிறந்த அக்கா. தங்கை செத்த பிறகு நான் தோட்டத்தில் இருந்த காலமெல்லாம் எனக்குச் சோறு போட்டவள். இன்னும் அதே மலையில் கொழுந்து பறித்தாள். அவள்தான் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

“ஐயாவுக்கு இப்ப காதுல பாட்டு தம்பி. பெரட்டுல பேரு கூப்புடுறப்பவே தொடையில தாளம். நேத்து நம்ம தர்மிளா பக்கத்துல நின்னு, ‘அரை நாள் சம்பளத்துக்குக்கூடப் பேரு போடாத உன் கையி வெளங்காமப் போக’ன்னு வையிறா. அந்தாளு ‘ஓம் ஓம்’னு மண்டைய ஆட்டுறாரு.”

நானும் சிரித்தேன்.

“ஒனக்குத் தெரியுமா, அந்தச் சவுக்கு மரத்துலயே திரும்பவும் கூடு கட்டியிருக்கு” என்றாள், சிரிப்பு நின்ற பிறகு. “அந்தப் பக்கம் போறப்பல்லாம் எனக்கு அவ சத்தம் கேக்குற மாதிரியே இருக்கும்.”

பொம்பளைகளுக்கு எதுவும் ஆகக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள். காலைக் கொழுந்தை எடை போட்ட பிறகு அவர்கள் கீழ் ரோட்டோரம் தேத்தண்ணிக்கு உட்காருவார்கள். மரத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் நல்ல தூரம். அந்த நேரம் ஐயா தனியாக மேலே ஏறி, பறித்த நிரைகளில் மிச்சம் விட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு நடப்பார். அவர் அந்த வழக்கத்தை மாற்றியதே இல்லை. ஒரு வியாழக்கிழமை கடையைப் பலீலிடம் பார்க்கச் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் போனேன். மரத்துக்கு மேல் பக்கம் பாறை இருக்கிறது. அதன் மறைவில் படங்கை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். உண்டிவில்லும் சில கற்களும் கொண்டுபோயிருந்தேன். ஒரு கல்லே போதுமாக இருந்தது.

கூடு கருகருவென்று பிரிந்து இறங்கியது. ஐயா மரத்துக்கு நேர் கீழே, முதுகைக் காட்டிக்கொண்டு, விரலால் தாளம் போட்டபடி நடந்தார்.

அப்போது நான் கத்தினேன். ஆமாம் சார், நான்தான். “குளவி, குளவி” என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவரைக் காப்பாற்ற அல்ல. சத்தம் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். மலை முழுக்க அந்தச் சத்தம் கேட்க வேண்டும், அவருக்கு மட்டும் கேட்கக் கூடாது. நாளைக்கு விசாரணையில் ‘எனக்குக் கேட்கவில்லை’ என்று அவர் சொல்லும் வாய்ப்புகூட இல்லாமல், வேறு யாராவது அவருக்காக அதைச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் அது வெறும் கொலை.

கீழே பொம்பளைகள் சத்தத்தை வாங்கி ஒருவருக்கொருவர் கத்தினார்கள். படங்கை அவிழ்த்துக் குப்புறப் படுத்தார்கள், முறைப்படி. ஒருத்தி மட்டும் படுக்கவில்லை. மேலே ஓடி வந்தாள். கொழுந்து மலையில் ஏற்றத்தில் அந்த வயதில் அப்படி ஓட முடியும் என்று நான் நினைத்ததில்லை. “அந்தாளுக்குக் கேக்கல, அந்தாளுக்குக் கேக்கல” என்று சொல்லிக்கொண்டே ஓடினாளாம். அப்படித்தான் தர்மிளா உங்களிடம் சொல்லியிருக்கிறாள்.

ஐயாவை இராக்கம்மா அக்கா தள்ளி விழுத்தினாள். தன் படங்கை அவிழ்த்து அவர் தலையோடு மூடினாள். படங்கு ஒருவருக்குத்தான் போதும். அவள் மேலே கிடந்தாள்.

பாறைக்கும் அந்த இடத்துக்கும் அதிக தூரமில்லை. என்னிடமும் ஒரு படங்கு இருந்தது. நான் அசையவில்லை. குளவி கலைந்தால் அசையக் கூடாது.

ஐயா பெரியாஸ்பத்திரியில் இருக்கிறார், பிழைத்துவிடுவார் என்கிறார்கள். யாரோ அக்காவின் பெயரைச் சொன்னதும் “அந்த மனுசி ஏன் என்னட்டை ஓடி வந்தவ” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். பிளேயருக்கு ஒரு கீறலும் இல்லை என்பதை நீங்களே பார்க்கலாம்.

கூட்டைக் கலைத்தது நான். இரகுநாதன் ஐயாவைக் கொல்லத்தான் கலைத்தேன். அதற்கு என்ன தண்டனையோ வாங்கிக்கொள்கிறேன், கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் இராக்கம்மா அக்காவின் சாவையும் என் பெயரில் எழுதியிருக்கிறீர்கள். அதை வெட்டிவிடுங்கள், சார். அது நியாயமில்லை. நான் கத்தினேன், அவளுக்குக் கேட்டது. குளவி வந்தால் அசையாமல் குப்புறப் படுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஓடினது அவளுடைய பிழை.