இப்பெயரில் இங்கு எவருமில்லை

மலர்க்கொடி அம்மாவுக்கு, மாதவன் எழுதுவது.

என் கையெழுத்து நன்றாக இருக்கும். உப்பிலியபுரம் பள்ளியில் படித்தபோது மற்ற பையன்களின் விடுப்புக் கடிதங்களையும் நான்தான் எழுதுவேன். யாருக்குக் காய்ச்சல், யாருக்கு அக்கா கல்யாணம் என்று கேட்டுக்கொண்டு ஆளுக்குத் தகுந்த மாதிரி எழுதிக் கொடுப்பேன். திருச்சி காசநோய் ஆய்வு மையத்தில் நிர்வாக அலுவலரான பிறகும், நோயாளிகளுக்குப் போகும் உறைகளில் முகவரியை என் கையாலேயே எழுதினேன். அச்சடித்த முகவரி என்றால் ஏதோ பேங்க் நோட்டீஸ் என்று பிரிக்காமல் போட்டுவிடுவார்கள். கையால் எழுதியதைப் பிரிப்பார்கள்.

நீங்கள் அன்று என் அறையில் சொல்லிவிட்டுப் போன ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் வீரமலை எங்கள் ஆய்வில் சேர்ந்தது போன வருஷத்துக்கு முந்தின ஆடி மாதம். ஆறு மாதம் சாப்பிட வேண்டிய மருந்தை நான்கே மாதத்தில் முடிக்க முடியுமா என்று பார்க்கும் ஆய்வு அது. பெயர் பதியும்போது நீங்களும் கூட இருந்தீர்கள். தெரு எது என்று கேட்டேன்.

"அடையவளஞ்சான் தெரு சார். வெள்ளைக் கோபுரத்துப் பக்கம்" என்றீர்கள்.

வெள்ளைக் கோபுரம் இருப்பது கிழக்கே. கீழ அடையவளஞ்சான் தெரு என்று எழுதிக்கொண்டேன். ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சுற்றி ஒரே பெயரில் நான்கு தெருக்கள். கிழக்கே இருப்பது கீழ, மேற்கே இருப்பது மேல. ஒரு சொல் மாறினால் கடிதம் கோயிலைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விடும்.

போன் நம்பர் கேட்டபோது வீரமலை சிரித்தார். "என் போன் கொள்ளிடத்துல குளிக்க எறங்குச்சு, இன்னும் கரையேறலை சார். மச்சான் நம்பரைப் போட்டுக்கங்க. அவன் எடுத்தா உங்க அதிர்ஷ்டம்." சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. துண்டால் வாயை மூடிக்கொண்டு இருமி முடித்து, "மன்னிச்சுக்கங்க சார்" என்றார். ஒவ்வொரு இருமலுக்கும் அப்படித்தான் சொல்வார்.

நான்கு மாத மருந்து முடிந்த அன்று கடைசியாகச் சளி எடுத்தோம். அதன் முடிவு வர இரண்டு மாதமாகும். "கோளாறு இருந்தா கடிதம் வரும். வரலைன்னா நல்லாயிட்டீங்கன்னு அர்த்தம்" என்று நர்ஸ் செல்வமேரி சொல்லி அனுப்பினார். அது நான் செய்த ஏற்பாடு. வெயிலில் ஜனங்கள் வீணாக வந்து காத்துக் கிடக்க வேண்டாமே என்றுதான் செய்தேன்.

தை மாதம் முடிவு வந்தது. கிருமி இருந்தது. அந்த மருந்துக்கு இனி கட்டுப்படாத கிருமி.

எங்கள் ஆய்வுக்கு ஒரு விதி உண்டு. ஐந்து பேருக்கு இப்படி ஆனால் ஆய்வை நிறுத்திவிட்டு, கண்காணிப்புக் குழுவிடம் விளக்கம் சொல்ல வேண்டும். அதற்குள் நான்கு பேர் ஆகியிருந்தார்கள்; வீரமலை ஐந்தாவது ஆள். இன்னொரு விதியும் உண்டு. மூன்று பதிவுத் தபால் திரும்பி வந்து, நேரில் போய்த் தேடியும் ஆள் கிடைக்கவில்லையென்றால், அவர் தொடர்பு அற்றவர். குணமானவர் கணக்கிலும் வர மாட்டார், குணமாகாதவர் கணக்கிலும் வர மாட்டார்.

உடனே வரச் சொல்லி உங்கள் வீட்டுக்காரருக்கு முதல் கடிதம் போட்டேன். எட்டாம் நாள் திரும்பி வந்தது. 'இப்பெயரில் இங்கு எவருமில்லை' என்று உறையின் மேல் எழுதியிருந்தது. அப்போதுதான் கவனித்தேன், கீழ என்பதற்கு மேல என்று எழுதியிருக்கிறேன். கை தவறிவிட்டது. யாருக்கும் நடப்பதுதான்.

இரண்டாவது கடிதத்துக்குப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன். அதில் கீழ என்று என் எழுத்திலேயே இருந்தது. அதைப் பார்த்தபடியே உறையில் மேல என்று எழுதினேன். மூன்றாவதையும் அப்படித்தான் எழுதினேன். நூற்றெண்பத்தாறு பேர் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்பத்தொரு பேர் வேலை பார்க்கிறார்கள். ஒரே ஒரு சளி முடிவுக்காக இத்தனையும் நிற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

டாக்டர் சுபஸ்ரீ இரண்டு முறை கேட்டார். "வீரமலை வந்தாரா சார்? அவரைச் சீக்கிரம் வேற மருந்துக்கு மாத்தணும். வீட்டுல சின்னப் பொண்ணு வேற இருக்கு."

"கடிதம் போயிருக்கு டாக்டர்" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

வீரமலை கொடுத்த மச்சான் நம்பருக்கும் இரண்டு தடவை அடித்தோம். எடுக்கவில்லை. குறித்துவைத்தேன். பிறகு களப்பணியாளர் பிலோமின்ராஜிடம் முகவரிச் சீட்டை எழுதிக் கொடுத்தேன். மத்தியானம் வியர்த்து விறுவிறுத்து வந்தார். "மேலத் தெரு முழுக்கக் கேட்டுட்டேன் சார், அப்படி ஒரு ஆளே கிடையாது. ஒரு நாய்தான் வாசல் வரைக்கும் வந்து யாரு என்னன்னு விசாரிச்சுது." எல்லோரும் சிரித்தோம். கோப்பை மூடினேன். பங்குனியில் வந்த கண்காணிப்புக் குழு அந்தக் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஆவணம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

புரட்டாசியில் நீங்கள் வந்தீர்கள். ஆவணியிலேயே வீரமலை போய்விட்டார் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். பக்கத்தில் முகக்கவசம் போட்டுக்கொண்டு உங்கள் மகள் இளவேனில். அப்பாவுக்கு வந்த அதே கிருமி.

"இருமல் வந்தப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சண்டை போட்டேன் சார். கடுதாசி வரலையே புள்ள, அப்ப எனக்கு ஒண்ணுமில்லன்னுட்டாரு. பாப்பாவைப் பக்கத்துலயே படுக்க வெச்சுக்குவாரு" என்றீர்கள். அப்புறம், "ஒரே ஒரு கடுதாசி போட்டிருக்கக் கூடாதா சார்?"

மூன்று உறைகளையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். இளவேனில் விரல் வைத்துப் படித்தாள். "அம்மா, மேலன்னு போட்டிருக்கு. நம்மளது கீழதானே?"

நீங்கள் உறையை வாங்கிப் பார்த்தீர்கள். "சார் எழுதுனா சரியாத்தான் இருக்கும். நாந்தான் தப்பாச் சொல்லியிருப்பேன். எனக்கு எங்க கெழக்கு மேக்கு தெரியுது? கோபுரத்தை வெச்சுத்தான தெருவே தெரியும்" என்று தலையில் அடித்துக்கொண்டீர்கள்.

நான் தண்ணீர் கொடுத்தேன். உறைகளை எடுத்துத் திரும்பக் கோப்பில் வைத்தேன்.

அதற்குப் பிறகு கே.கே. நகரில் என் வீட்டில், மனைவி வேலைக்குப் போன பின் யாரோ இருமுகிறார்கள். சமையலறையில், சில நாள் குளியலறைக் கதவுக்கு வெளியே. ஆபீஸில் ஆளில்லாத பெஞ்சிலும் கேட்கிறது. இத்தனை வருஷம் இருமலுக்கு நடுவில் வேலை பார்த்தவன், இருமலுக்குப் பயப்படவில்லை. அது நின்றதும் ஒரு குரல் "மன்னிச்சுக்கங்க சார்" என்கிறது. அதைக் கேட்டால்தான் என்னால் உட்கார முடிவதில்லை. அந்த மூன்று உறைகளையும் இப்போதெல்லாம் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். இப்பெயரில் இங்கு எவருமில்லை. எழுதிய அன்று அது மேலத் தெருவுக்கு மட்டும்தான் பொருந்தியது. இப்போது கீழத் தெருவுக்கும் பொருந்துகிறது.

போன வாரம் பிலோமின்ராஜ் ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். "அந்தம்மா யாரு வந்தாலும், நாந்தான் தெருவைத் தப்பாச் சொல்லிட்டேன்னு அழுவுதுங்க சார். அந்தப் பொண்ணு அம்மாகிட்ட பேச்சையே நிறுத்திடுச்சு. அம்மா ஊட்டுனா மாத்திரையைக்கூட வாங்க மாட்டேங்குது."

அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் சரியாகத்தான் சொன்னீர்கள். தெருவை மாற்றியவன் நான். உங்கள் வீட்டுக்காரரைக் கொன்றதும், உங்கள் மகளுக்கு நோய் கொடுத்ததும் என் கையெழுத்துதான். இளவேனிலிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவள் மாத்திரையை விடக் கூடாது.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன் சார், கடிதத்தை நேர்ல கொடுத்துடறேன்" என்றார் பிலோமின்ராஜ். வேண்டாம் என்றேன். எதுவும் பதிவுத் தபாலில் வீட்டு முகவரிக்குப் போவதுதான் முறை.

உறையை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு கடிதத்தை ஆரம்பிப்பது என் பழக்கம். இப்போது பார்க்கிறேன், தெருவின் பெயரில் மேல என்று விழுந்திருக்கிறது. மறுபடியும் கை தவறிவிட்டது. அடித்துத் திருத்தினால் உறை அசிங்கமாகிவிடும். அப்படியே போகட்டும். திரும்பி வந்தால் நான்காவதாகக் கோப்பில் சேர்த்துவிடுவேன். நான் எழுதவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்ல முடியாது.